பிறகு அச்சிடுவோம் என்று வைத்தவை

(எமது மன்றத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பல்கலைக்கழகத்திற் கற்கும் ஒருவன் பேச எழுந்தால் உலக விடயங்களை எல்லாம் அலசுவான் என்று எதிர்பார்ப்பீர்கள். நான் எடுத்துக் கொண்டதோ மிகச் சிறிய விடயம். வீட்டுக் கணினியில் ஒன்றைத் தட்டெழுதி, "இப்போது அச்சிட வசதியில்லை, பிறகு பார்ப்போம்" என்று கோப்பாகச் சேமித்து வைக்கிறோம். அந்தக் கோப்பு, நாம் தேடி வருங் காலத்தில், நாம் வைத்தபடியே இருக்குமா என்பதே என் கேள்வி.

பிறகு பார்ப்போம் என்பது எமக்குப் பழகிப்போன சொல். 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே தாளில்லாமையால் மேல் மாகாணத்துப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. அந்நாளில் மை வாங்கவும் தாள் வாங்கவும் வழியின்றி நாமும் எத்தனையோ ஆவணங்களைக் கணினியிலேயே விட்டு வைத்தோம். பொருளாதாரத் தடை இருந்த 1990களில் பத்திரிகை கோடு போட்ட கொப்பித் தாளில் வந்ததைக் கண்ணாற் கண்ட பெரியோர்கள் இச்சபையில் இருக்கிறீர்கள். உங்களுக்குத் தட்டுப்பாட்டைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

என் அநுபவத்தைச் சொல்லுகிறேன். இதிற் பிழை முழுவதும் என்னுடையது.

அம்மம்மா காலமானபோது முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடிக்க வேண்டியிருந்தது. வீட்டில் கணினி தெரிந்தவன் நான் என்பதால் அப்பொறுப்பு என் தலையில் விழுந்தது. வம்சாவளியை ரொறன்ரோவிலிருக்கும் மச்சாள் ஒருவர் முன்னமே பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டுத் தட்டெழுதி, பிறகு அச்சிடலாம் என்று வைத்திருந்தார். பாமினி எழுத்துரு. பெற்றோருக்குக் கீழே பிள்ளைகள் வரும்படி இடைவெளிக் கட்டையை அழுத்தி அழுத்தி ஒழுங்கு செய்திருந்தார். என் கணினியிலும் பாமினி இருந்தபடியால் எல்லாம் அழகாகவே தெரிந்தது. பென் டிரைவிற் போட்டு அச்சகத்துக்குக் கொண்டு போனேன். அங்கே தாளளவை ஏ4 ஆக மாற்றச் சொன்னவனும் நானே.

கனடாவிற் புழங்குகின்ற லெற்றர் தாள் 216 மில்லிமீற்றர் அகலம். நம்முடைய ஏ4 தாள் 210 மில்லிமீற்றர். ஆறு மில்லிமீற்றர் ஒடுங்கியதும் நீண்ட வரிகளின் கடைசிப் பெயர்கள் அடுத்த வரிக்கு இறங்கின. இரவு பன்னிரண்டு மணிக்கு, கைபேசியிற் படம் பார்த்து, சரி என்று சொல்லிவிட்டேன்.

முப்பத்தோராம் நாள் சாப்பாடு முடிந்த பின்னர் அம்மம்மாவின் தங்கை கல்வெட்டைக் கையில் எடுத்தார். அவருடைய மூத்த பிள்ளை ஒரு வயதாகுமுன்னே இறந்து போனது. அதற்கு ஒரு படங்கூட இல்லை. பெயர் மாத்திரமே எஞ்சியிருந்தது. அந்தப் பெயர் இன்னொரு சகோதரியின் பிள்ளைகள் வரிசையில் இருந்தது. விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் மடித்துக் கதிரையில் வைத்துவிட்டு எழுந்து போனார். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

அதன் பின்னரே இந்த விடயத்தை நான் ஊன்றிப் படித்தேன்.

வேர்ட் முதலியவற்றிற் சேமிக்கும் கோப்பு முடிந்துபோன பக்கம் அன்று. இன்ன எழுத்துருவில், இன்ன அளவுத் தாளில் இச்சொற்களைப் பரப்புக என்னும் கட்டளை அது. திறக்கும் கணினி ஒவ்வொன்றும் தன்னிடம் உள்ளதைக் கொண்டு பக்கத்தைப் புதிதாகக் கட்டுகிறது. எழுத்துரு இல்லையென்றால் வேறொன்றை வைக்கும். பாமினிக்கு இது பெரிய ஆபத்து. ஏனெனில் பாமினியில் உள்ளே கிடப்பவை ஆங்கில எழுத்துக்களே. மேலே தமிழ் முகமூடி. "அம்மா" என்று நாம் காண்பது உள்ளே எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடியும் கே, எச் என்றே இருக்கும். முகமூடி கழன்றால் அவ்வளவுதான். எமது மன்றத்து அலுமாரியில் முன்னைய மலர் ஒன்றின் குறுந்தட்டு இருப்பதைச் செயலாளர் காட்டினார். திறந்தேன். வாழ்த்துரை தொடங்கிக் கணக்கறிக்கை வரை எல்லாம் அரைப்புள்ளி!

இதற்கு மாறாக, பீ.டீ.எவ். என்பது கட்டுச்சோற்றோடு புறப்படுகிறவனைப் போன்றது. தனக்கு வேண்டிய எழுத்துருவையும் தாளளவையும் தன்னோடு பொதிந்து கொண்டே போகும். அடோபி நிறுவனம் 1993இல் வெளியிட்டது. 2008இல் சர்வதேசத் தரமாகியது. காப்பகங்களுக்கென 2005இல் வகுக்கப்பட்ட பீ.டீ.எவ்./ஏ என்னும் வகையில் எழுத்துரு கட்டாயம் உள்ளே இருத்தல் வேண்டும். செலவும் இல்லை. வின்டோஸ் 10 வந்த காலந் தொடக்கம், அச்சிடும் கட்டளை கொடுக்கும்போது அச்சுப்பொறிகளின் பட்டியலிலேயே பீ.டீ.எவ். ஆக்கும் வழியும் சேர்ந்து வருகிறது. லிப்ரே ஒவ்விஸ் போன்ற இலவச மென்பொருள்களிலும் உண்டு. அச்சுப்பொறி வீட்டில் இல்லாவிட்டாலும் இன்றைக்கே "அச்சிட்டு" வைக்கலாம். தாள் கிடைக்கும் நாளில் தாளுக்கு மாற்றலாம்.

ஆனால் அதனோடு நின்றுவிடல் ஆகாது. பீ.டீ.எவ். வடிவத்தைக் காக்கும், திருத்த இலேசில் இடங் கொடாது. பாமினியில் அடித்து பீ.டீ.எவ். ஆக்கினால் கண்ணுக்குத் தமிழாயிருக்கும்; ஒரு பெயரைத் தேடினால் அகப்படாது. ஆதலின் மூலத்தை யுனிகோட்டில் அடித்து, அதையும் பக்கத்திலே வைத்திருக்க வேண்டும். 1991இலேயே தமிழுக்கு அதில் இடங் கிடைத்துவிட்டது. நாம் இன்னும் பாமினியை விடாதிருப்பது பழக்கதோஷமே. பழைய கோப்புகளை மாற்றுவதற்குச் சுரதாவின் பொங்குதமிழ் போன்ற மாற்றிகள் உள்ளன. குறுந்தட்டின் வாழ்த்துரையை அவ்வாறே மீட்டெடுத்தேன். அட்டவணைகள் குழம்பிப் போயின. அவற்றை அக்காலச் செயற்குழுவினர் யாராவது பக்கத்திலிருந்து சொன்னாலன்றிச் சரி செய்ய முடியாது.

ஒரே இடத்தில் ஒரே பிரதியை வைப்பதன் விலை இவ்வூருக்குத் தெரியும். 1981இல் எமது பொதுநூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் போயின. வேறெங்கும் பிரதியில்லாதவையும் அவற்றுள் இருந்தன. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் இன்று ஈழத்து நூல்களோடு கல்வெட்டுக்களையும் நினைவு மலர்களையும் படமெடுத்துச் சேர்த்து வைக்கிறது. கல்வெட்டையா என்று சிலர் சிரிக்கலாம். ஒரு சாதாரண மீன்பிடிக் குடும்பத்தின் பெயர் வரிசை வேறெந்தப் புத்தகத்தில் அச்சாகியிருக்கிறது? மேலும், கடற்காற்றில் இரும்புக் கேற் உதிர்கின்ற குருநகரிலே கணினி நெடுங்காலம் நின்று பிடித்தால் அதிசயம். ஒரு பிரதி வீட்டில், ஒன்று பென் டிரைவில், ஒன்று வெளியூர் உறவினரிடம் என்று வைத்தல் நலம். வெளிநாட்டிலிருந்து வருங் கோப்பானால் தாளளவு ஏ4 தானா என்று முதலிற் கேளுங்கள்.

வரும் ஞாயிறு தொடங்கி மாலை நேரங்களில் மன்ற மண்டபத்தில் என் மடிக்கணினியோடு இருப்பேன். பழைய கோப்புகள் உள்ளவர்கள் கொண்டு வாருங்கள். பெரியோர்களும் வந்திருக்க வேண்டுகிறேன். எழுத்தைக் கணினி மாற்றும், எவர் எவருடைய பிள்ளை என்பது அதற்குத் தெரியாது.

வம்சாவளியை யுனிகோட்டில் மறுபடி அடித்து, கட்டங்களுக்குள் பெயர்களை நிறுத்தி, ஏ4 தாளில் அச்சிட்டுச் சின்ன அம்மம்மாவிடம் கொண்டு போனேன். கண்ணாடியைப் போட்டுக் கொண்டு அந்தப் பெயரைத் தேடிக் கண்டார். நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, ரொறன்ரோவுக்கும் ஒன்று அனுப்பி விடு தம்பி என்றார்.