மஞ்சள் கடுதாசி கொடுக்குமுன்



தொழில் நொடித்து, ஐ.பி. கொடுக்க வக்கீல் தேடி அலைந்தவன் நான். முதலாமவர், "வீட்டை உடனே சம்சாரம் பேருக்கு எழுதிடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். கேட்க இனித்தது. இரண்டாமவரோ முகம் கொடுக்காமல், "கடன்காரங்க பட்டியல் எங்கே? ரெண்டு வருஷத்துல யாருக்காவது சொத்து எழுதிக் கொடுத்தீங்களா?" என்றார். கோபம்தான் வந்தது.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். 1920-ஆம் ஆண்டு நொடிப்புச் சட்டப்படி, பிரதிபலன் இல்லாமல் எழுதிக் கொடுத்த சொத்தை, இரண்டு வருடத்துக்குள் மனு வந்தால், கோர்ட் ரத்து செய்யலாம். மோசடியாகச் சொத்தை மறைத்தால் ஜெயிலும் உண்டு. மனைவியையும் அல்லவா கூண்டில் ஏற்றியிருப்பேன்!

இரண்டாமவரிடமே வக்காலத்து கொடுத்தேன். ஆறுதல் சொல்லுகிற வக்கீல் வேண்டாம், கணக்குக் கேட்கிற வக்கீலைத் தேடுங்கள்.