கூட்டில் ஏறிச் சொல்வதே சாட்சி

தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்தும் கோட்டு வாசல் நம்மை விடவில்லை.

கொலை போன்ற பாரிய வழக்கில் எதிரி கேட்டால், மேல் நீதிமன்றத்தில் 7 பேர் கொண்ட ஜூரி சபை அமரும். சட்டத்தைச் சொல்பவர் நீதிபதி. நடந்தது எது என்று தீர்மானிப்பவர்கள் ஜூரிமார். 5 பேராவது ஒத்துப்போக வேண்டும்.

மூதூர்ப் பக்கம் குமாரபுரத்தில் 1996 இல் 20க்கும் மேற்பட்ட தமிழர் கொல்லப்பட்டனர். உயிர் தப்பியவர்கள் கூட்டில் ஏறிச் சொன்னார்கள். ஆனாலும் 2016 இல் அநுராதபுர ஜூரி சபை முன்னாள் இராணுவத்தினர் 6 பேரையும் விடுவித்தது.

ஆகவே, பொலிஸ் வாக்குமூலத்தைத் தமிழில் வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வைக்காதீர்கள். பிறகு கூட்டில் மாற்றிச் சொன்னால் எதிரியின் சட்டத்தரணி பிடித்துக்கொள்வார். கண்டதை மட்டும் சொல்லுங்கள். பயந்து வீட்டில் இருந்தால் வழக்கு அங்கேயே செத்துவிடும்.