இழை வழித் தொலைக்காட்சி: மடை யார் கையில்?

(ஆரல்வாய்மொழியில் நடைபெற்ற வகுப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

இன்றைய வகுப்புக்கு எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் தொலைக்காட்சி. எத்தனையோ பிரச்னைகள் இருக்க, டி.வி.யைப் பற்றி ஒரு வகுப்பா என்று சிலர் நினைக்கலாம். செங்கல் சூளையில் வேலை செய்துவிட்டு வரும் ஒரு குடும்பத்தின் மாதச் செலவைக் கணக்குப் பாருங்கள். கேபிளுக்கு ஒரு தொகை. வீட்டில் எத்தனை கைபேசி உண்டோ அத்தனைக்கும் ரீசார்ஜ். கிரிக்கெட் பார்க்க வேண்டுமானால் வேறு சந்தா. புதுப்படம் பார்க்க வேண்டுமானால் அதற்கும் ஒரு சந்தா. உழைத்துச் சம்பாதித்த காசு எந்த வழியில் போகிறது என்று தெரிந்துகொள்வது அவசியம். அதற்கு, படம் எந்த வழியில் வருகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

தொலைக்காட்சி நம் வீட்டுக்கு வந்து சேர்ந்த வழிகள் பல. முதலாவது, ஆகாய வழி. 1975 ஆகஸ்டு 15 அன்று சென்னையில் தூர்தர்ஷன் ஒளிபரப்பு தொடங்கியது. தெற்குச் சீமைக்கு அது எட்டவில்லை. 1982இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினியை, உயரமான கம்பத்தில் ஆன்டெனா கட்டிப் பிடித்துப் பார்த்த காலம் நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். இரண்டாவது, கேபிள். ஒரு பெரிய குடை ஆன்டெனாவில் பிடித்து, கம்பி வழியாக வீடு வீடாகக் கொடுத்தார்கள். அதை ஒழுங்குபடுத்த 1995இல் மத்திய சர்க்கார் சட்டம் இயற்றியது. மூன்றாவது, வீட்டுக் கூரையிலேயே சின்னக் குடை வைத்து வானத்துச் செயற்கைக் கோளிலிருந்து நேராகப் பிடிப்பது. இப்போது வந்திருப்பது நான்காவது வழி. இதில் படம் இணைய வலையின் வழியாக வருகிறது.

இது எப்படி வேலை செய்கிறது? படமும் ஒலியும் எண்களாக மாற்றப்பட்டு, சின்னஞ்சிறு பொட்டலங்களாகக் கட்டப்படுகின்றன. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் விலாசம் எழுதப்பட்டிருக்கும். தலைமுடி போன்ற கண்ணாடி இழைக்குள் அவை ஒளியாக ஓடி வருகின்றன. வீட்டுச் சுவரில் இருக்கும் சிறு பெட்டி ஒளியை மின்குறிகளாக மாற்றுகிறது. டி.வி.யோ கைபேசியோ பொட்டலங்களைப் பிரித்து, வரிசைப்படுத்தி, படமாகக் காட்டுகிறது.

இதில் இரண்டு முறைகள் உண்டு. இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் விளங்கிவிடும். நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். கால்வாயைச் 'சானல்' என்று சொல்லும் ஊர் அல்லவா இது!

தோவாளை சானலில் தண்ணீர் வருகிறது. ஒரே சானல்தான். மடைக்கு மடை பிரிந்து, கிளைக் கால்களில் பாய்ந்து, வயல்களுக்குப் போகிறது. டி.வி. சேனலையும் இப்படி அனுப்பலாம். ஒரு சேனலுக்கு ஒரே ஓட்டம். எந்தத் தெருவில் பிரிய வேண்டுமோ அந்த இடத்தில் உள்ள யந்திரம் பிரதி எடுத்துக் கொடுக்கும். இதுதான் ஐ.பி.டி.வி. ஒரே நிறுவனத்தின் சொந்த வலைக்குள், வெளியே போகாமல், இது நடக்கிறது.

இரண்டாவது முறை கைபேசியில் நாம் பார்ப்பது. ஓ.டி.டி. என்கிறார்கள். இதில் ஒவ்வொருவருக்கும் தனி ஓட்டம். ஆயிரம் வயலுக்குப் பேச்சிப்பாறையிலிருந்து ஆயிரம் சானல் வெட்டினால் எப்படி இருக்கும்? அப்படித்தான்! நல்ல தெளிவான படத்துக்கு விநாடிக்கு 5 மெகாபிட் வேண்டும் என்று வையுங்கள். ஆயிரம் வீடுகள் ஒரே கிரிக்கெட் ஆட்டத்தைப் பார்க்கின்றன. முதல் முறையில் பிரதானக் கம்பியில் ஓடுவது 5 மெகாபிட்தான். இரண்டாவது முறையில் 5,000 மெகாபிட்!

கைபேசிக் கணக்கையும் போடுவோம். விநாடிக்கு 5 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 18,000 மெகாபிட். எட்டால் வகுத்தால் 2,250 மெகாபைட், அதாவது இரண்டே கால் ஜி.பி. தினம் ஒன்றரை ஜி.பி. கிடைக்கும் ரீசார்ஜ் நாற்பதே நிமிடத்தில் தீர்ந்துவிடும். "அப்படியொன்றும் தீரவில்லையே" என்று நீங்கள் சொல்லலாம். அதற்கும் காரணம் உண்டு. படத்தைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் பல தரத்தில் தயாராக வைத்திருக்கிறார்கள். சிக்னல் குறைந்தால் கைபேசி மட்டமான துண்டைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. அடுத்த சில துண்டுகளை முன்கூட்டியே வாங்கிச் சேர்த்தும் வைக்கிறது. கேபிளில் பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரர் விக்கெட் விழுந்தது என்று சத்தம் போட்ட பிறகு நம் கைபேசியில் பந்து வீசப்படுவதன் ரகசியம் இதுதான்.

சரி, கோடிக்கணக்கானவர்களுக்குத் தனித்தனி ஓட்டம் எப்படிச் சாத்தியமாகிறது? இங்கேதான் குளம் வருகிறது. நம் முன்னோர்கள் அணைத் தண்ணீரை மட்டும் நம்பியிருக்கவில்லை. ஊருக்கு ஊர் குளம் வெட்டித் தேக்கினார்கள். இணையத்திலும் அவ்வாறே. அதிகம் பேர் கேட்கும் படங்களை அமெரிக்காவிலிருந்து ஒவ்வொரு முறையும் கொண்டுவருவதில்லை. நம் நாட்டின் பெருநகரங்களிலேயே, பல சமயங்களில் இணைய நிறுவனங்களின் கட்டடத்துக்குள்ளேயே, சேமிப்பு யந்திரங்களை வைத்து அதில் தேக்கி வைத்திருக்கிறார்கள். குளம் பக்கத்தில் இருந்தால் தண்ணீர் சீக்கிரம் வரும். குளம் வைத்துக்கொள்ள வசதியுள்ளவன் படம் தடங்கலில்லாமல் ஓடும். வசதியில்லாத சிறிய தயாரிப்பாளன் படம் திக்கித் திணறும்.

ஆகவே கேள்வி விஞ்ஞானத்தோடு முடிந்துவிடுவதில்லை. சானல் யாருடையது? குளம் யாருடையது? மடைச் சாவி யார் கையில்?

2022இல் ஐ.பி.எல். கிரிக்கெட் ஒளிபரப்பு உரிமை ஏலம் போயிற்று. 2023 முதல் 2027 வரை இந்தியாவில் டி.வி.யில் காட்டும் உரிமையை டிஸ்னி ஸ்டார் 23,575 கோடி ரூபாய்க்கு எடுத்தது. இணையத்தில் காட்டும் உரிமையை ரிலையன்ஸ் தரப்பின் வயாகாம்18 நிறுவனம் 23,758 கோடிக்கு எடுத்தது. கடும் போட்டி என்று பத்திரிகைகள் எழுதின. 2023இல் ஆட்டங்களை இணையத்தில் இலவசமாகக் காட்டினார்கள். 2024 நவம்பரில் என்ன நடந்தது? போட்டியாளர்கள் இருவரும் ஒன்றாகிவிட்டார்கள்! 70,352 கோடி ரூபாய் மதிப்புள்ள கூட்டு நிறுவனம். கட்டுப்பாடு ரிலையன்ஸ் கையில். 2025 பிப்ரவரியில் இரண்டு செயலிகளும் 'ஜியோஹாட்ஸ்டார்' என்று ஒன்றாயின. அந்த ஆண்டின் ஐ.பி.எல். ஆட்டங்களை முழுமையாகப் பார்க்கச் சந்தா வேண்டும் என்றாயிற்று. முதலில் இனாம், பழக்கமான பிறகு கட்டணம்! சந்தையில் இது புதிய தந்திரம் அல்ல. ஆனால் கைபேசி வலையும், வீட்டுக்கு வரும் இழையும், ஓடும் நிகழ்ச்சியும் ஒரே முதலாளித்துவக் குடும்பத்தின் கையில் சேர்வதுதான் புதியது.

இதற்குச் சட்டத்தில் தடை இல்லையா என்று கேட்பீர்கள். ஓரளவு உண்டு. 2016 பிப்ரவரி 8 அன்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு விதி கொண்டுவந்தது. எந்த இணையதளத்தைப் பார்க்கிறாய் என்பதை வைத்து டேட்டாவுக்கு வெவ்வேறு விலை வாங்கக்கூடாது என்பது அந்த விதி. ஃபேஸ்புக் கம்பெனியின் 'ஃபிரீ பேசிக்ஸ்' திட்டத்தை எதிர்த்து நாடெங்கும் லட்சக்கணக்கானோர் எழுதிப் போராடியதன் விளைவு அது. ஆனால் ஒரு நிறுவனத்தின் மூடிய வலைக்குள் மட்டும் ஓடும் சரக்குக்கு இந்த விதி பொருந்தாது. விதியை ஏய்ப்பதற்காக மூடிய வலையைப் பயன்படுத்தினால் தடை உண்டு என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறது. எது ஏய்ப்பு, எது நியாயம் என்று விழிப்புடன் பார்ப்பது யார்? தன் சேனலை மூடிய வலையில் கணக்கில்லாமல் ஓடவிட்டு, மற்றவர் சேனலுக்கு டேட்டாக் கணக்கு எழுதினால், மடை ஒருபக்கமாகத் திறக்கப்பட்டது என்றுதான் அர்த்தம்.

அதே மூடிய வலை ஜனங்களுக்கும் பயன்படலாம். அதற்கு உதாரணம் நம் கண் முன்னே இருக்கிறது. பொதுத்துறையான பி.எஸ்.என்.எல். 2024 அக்டோபரில் தமிழ்நாட்டிலும் மத்தியப் பிரதேசத்திலும் இழை வழித் தொலைக்காட்சியைத் தொடங்கியது. 500க்கு மேற்பட்ட சேனல்கள்; அதைப் பார்ப்பதால் வீட்டு இணைப்பின் டேட்டா குறையாது. இந்த நிறுவனத்தை எப்படி நடத்தினார்கள்? தனியார் பல ஆண்டுகளுக்கு முன்பே 4ஜி கொண்டுவந்து சந்தையைப் பிடித்தார்கள். பி.எஸ்.என்.எல்.லின் சுதேசி 4ஜி நாடு தழுவித் தொடங்கி வைக்கப்பட்டது 2025 செப்டம்பரில்! இடையில், 2020 ஜனவரியில், ஏறத்தாழ 78,000 ஊழியர்கள் விருப்ப ஓய்வு என்ற பெயரில் வெளியேறினார்கள். கையைக் கட்டிப்போட்டுவிட்டு "நீந்தத் தெரியவில்லை" என்று சொல்வது என்ன நியாயம்?

பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். 2023 ஜூன் 5 அன்று கே-ஃபோன் என்ற அரசு இழை வலை திறக்கப்பட்டது. மின்வாரியத்தின் கம்பங்கள் வழியாகவே இழையைக் கொண்டுபோனார்கள். 30,000 அரசு அலுவலகங்களுக்கும், 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவசமாகவும் இணைப்பு என்பது இலக்கு. முதல் கட்டத்தில் தொகுதிக்கு 100 வீதம் 14,000 குடும்பங்கள். இலக்குக்கும் கைக்கு வந்ததற்கும் இடைவெளி இருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. 2024 மார்ச்சில் 'சி ஸ்பேஸ்' என்ற அரசு ஓ.டி.டி.யும் வந்தது. பார்க்கும் படத்துக்கு மட்டும் காசு என்பது அதன் முறை.

நம் மாநிலத்திலும் அடிப்படை இருக்கிறது. அரசு கேபிள் டி.வி. நிறுவனம் 2007இல் தோன்றி, 2011இல் மாதம் 70 ரூபாய்க்குச் சேவை கொடுத்தது. 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் இழை கொண்டுசெல்லத் தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனம் அமைக்கப்பட்டிருக்கிறது. இழை ஒரு பக்கம், சேனல் கொடுத்த அனுபவம் இன்னொரு பக்கம். இரண்டையும் இணைத்தால் ஊராட்சி வாசலுக்கு வந்த இழை, சூளைத் தொழிலாளியின் வீட்டுக்குள்ளும் போகும்.

இனி கேபிள் தொழிலாளர்கள் விஷயம். நம் கணவாயில் ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று காற்றாலைகளைக் கேட்டால் சொல்லும். அந்தக் காற்றில் கம்பம் ஏறி அறுந்த கம்பியை ஒட்டவைத்தவர்கள் ஊர்க் கேபிள்காரர்களும் அவர்களிடம் வேலை செய்யும் இளைஞர்களும்தான். இன்று இணைப்புகள் குறைகின்றன. அவர்கள் பிழைப்பு ஆடுகிறது. யந்திரத்தை எதிர்ப்பது நம் வேலையல்ல. ஆனால் இழையை ஒட்டவும், பெட்டி பொருத்தவும், பழுது பார்க்கவும் ஆள் வேண்டும். ஒரு இழையில் விநாடிக்கு 2,500 மெகாபிட் வந்து 64 வீடுகளுக்குப் பிரிகிறது. ஓர் ஒட்டு கெட்டால் 64 வீடும் இருட்டு. அந்த வேலையை ஊர் தெரிந்த இவர்களுக்குப் பயிற்சி கொடுத்து ஒப்படைப்பதுதான் முறை.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தைச் சூறையாடியது. மின்கம்பங்கள் சாய்ந்தன. நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. கைபேசிக் கோபுரங்கள் ஊமையாயின. கடலுக்குப் போனவர்களின் கதி தெரியாமல் குடும்பங்கள் தவித்தன. இழை எவ்வளவு உயர்ந்ததானாலும், இரு முனையிலும் மின்சாரம் இல்லையென்றால் அது வெறும் கண்ணாடி. பேட்டரியில் பாடும் ரேடியோ வீட்டு மின்சாரத்தை நம்பியிருப்பதில்லை. ஆகவே 1984 முதல் இயங்கும் நாகர்கோவில் வானொலி போன்ற ஆகாய வழிகளைப் பழசு என்று ஒதுக்கிவிடக் கூடாது.

தோழர்களே! நாம் கேட்க வேண்டியவை நான்கு. ஊராட்சிக்கு வந்த அரசு இழை, நியாயமான கட்டணத்தில் வீடுகளுக்கு வரவேண்டும். பி.எஸ்.என்.எல்.லுக்கு ஆளும் கருவியும் கொடுக்க வேண்டும். இழை வேலையில் கேபிள் தொழிலாளர்களுக்கு முன்னுரிமை வேண்டும். கம்பி வைத்திருப்பவன் தன் சரக்குக்கு ஒரு நியாயம், பிறர் சரக்குக்கு ஒரு நியாயம் செய்யாதபடி கண்காணிப்பு வேண்டும்.

சானல் தண்ணீர் கடைமடைக்கு வராவிட்டால் விவசாயி மண்வெட்டியோடு போய், மடை எங்கே அடைபட்டது என்று பார்க்கிறான். அது அவன் உரிமை என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. இழையிலும் நாம் கடைமடைக்காரர்கள். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் முதல் கேள்வியைக் கேளுங்கள்: "நம் ஊராட்சிக்கு இழை வந்துவிட்டதா? வந்திருந்தால், யாருக்கு ஓடுகிறது?"