ஒளி செதுக்கும் பாயிரம்

  

கவிதை பேசும் அவையில் கித்தார்ப் பெடலுக்கு என்ன இடம் என்னும் வினா எழுவது இயல்பே. ஒருவர் தாம் செய்த பொருளின்மீது எதை எழுதுவது, எவர் பெயரை எழுதுவது, எழுதியபின் அழிக்க இயலாது எனின் எவ்வாறு எழுதுவது என்பன கவிஞர்க்கும் உரிய வினாக்கள். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வீட்டு மேசையில் பெடல் செய்யும் ஆர்வலர்கள் இவ்வினாக்களை உள்ளங்கையளவு அலுமினியப் பெட்டி ஒன்றின் முகத்தில் எதிர்கொள்கின்றனர். அப்பெட்டியின் முகத்தை லேசர் ஒளியால் செதுக்கி அணிசெய்யும் கைவினையே இவ்வுரையின் பொருள்.

பிழையில் பிறந்த ஓசை

மின்கித்தாருக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே இருந்து ஒலியை மாற்றும் சிறு மின்சுற்றுப் பெட்டியே பெடல் எனப்படுவது. இசைஞரின் இரு கைகளும் கருவியில் இருப்பதால் அது காலால் மிதித்து இயக்கப்படுகிறது. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், மார்ட்டி ராபின்ஸ் பாடி 1961இல் வெளிவந்த பாடல் ஒன்றின் பதிவின்போது ஒலிக்கலவைக் கருவியின் ஒரு பகுதி பழுதுற்றுக் கரகரத்த ஓசை எழுந்தது. அதனை நீக்காது பாடலிலேயே வைத்துக்கொண்டனர். பதிவுப் பொறியாளர் கிளென் ஸ்னாடி, அப்பழுது தந்த ஓசையை வேண்டும்போது எழுப்பும் சுற்றை உருவாக்கினார். 1962இல் அது 'மேஸ்ட்ரோ ஃபஸ்டோன்' என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் கையாண்டபின் உலகெங்கும் அறியப்பட்டது.

1966இல் இலண்டனில் வெளிவந்த 'ஃபஸ் ஃபேஸ்' வட்ட வடிவினது. அதன் இரு குமிழ்கள் கண்களாகவும், வளைத்து எழுதிய பெயர் சிரிக்கும் வாயாகவும் அமைந்தன. உள்ளே இருந்தவை இரண்டு டிரான்சிஸ்டர்களும் எளிதில் எண்ணிவிடத்தக்க சில பாகங்களுமே. இத்தகைய எளிய சுற்றுகளின் வரைபடங்கள் பரவின. ஆர்வலர்கள் தாமே செய்யத் தொடங்கினர். உள்ளிருக்கும் சுற்று பலர்க்கும் பொதுச் சொத்தாகியது. செய்தவரின் தனித்தன்மை வெளிப்பட எஞ்சிய இடம் பெட்டியின் முகம் ஒன்றே.

எழுத்தாணியும் ஒளியும்

அம்முகத்தில் எழுதத் தொடக்கத்தில் மைப்பேனா பயன்பட்டது. ஒட்டுநாடா, தேய்த்து ஒட்டும் எழுத்துத் தாள், நீரில் நனைத்துப் படியவைக்கும் படத்தாள், அமில அரிப்பு எனப் பல முறைகள் பின்தொடர்ந்தன. காலடியில் கிடக்கும் பொருளில் மை அழிந்தது, தாள் உரிந்தது. அமில அரிப்பு நிலைத்ததாயினும் அதன் வெப்பமும் புகையும் வீட்டிற்கு ஒவ்வாதவை. அண்மைக் காலத்தில் சிறிய லேசர் பொறிகள் பொதுப் பட்டறைகளுக்கும் வீடுகளுக்கும் வந்தபின் இந்நிலை மாறியது.

லேசருக்கு அடிப்படையான கொள்கையை ஐன்ஸ்டைன் 1917இல் வகுத்தார். முதல் லேசரை 1960இல் தியோடர் மைமன் இயக்கிக் காட்டினார். இப்பணியில் பெரிதும் பயன்படும் கார்பன் டை ஆக்சைடு லேசரை 1964இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவாக்கியவர் குமார் பட்டேல். மராட்டிய மாநிலத்துப் பாராமதியில் பிறந்தவர். அவ்வொளியின் அலைநீளம் ஏறத்தாழ 10.6 மைக்ரோமீட்டர். எழுதுகின்ற அவ்வொளி கண்ணுக்குப் புலப்படாது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

ஆர்வலர்கள் பெரிதும் நாடும் '1590பி' என்னும் வார்ப்பு அலுமினியப் பெட்டி ஏறத்தாழ 112 மில்லிமீட்டர் நீளமும் 60 மில்லிமீட்டர் அகலமும் உடையது. அதன்மேல் வண்ணப் பொடியை மின்னூட்டத்தால் படியவைத்துச் சூளையில் சுட்டு, பவுடர் கோட்டிங் செய்வர். லேசர் கதிர் அப்பூச்சை எரித்து நீக்குகிறது. அடியிலுள்ள அலுமினியமோ இவ்வலைநீளத்து ஒளியைப் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுகிறது. பூச்சு அகன்றதும் செதுக்கல் தானே நின்றுவிடுகிறது. கரிய பூச்சின் நடுவே வெள்ளி எழுத்து ஒளிர்கிறது. எதனையும் சேர்க்காமல், மறைத்திருந்ததை நீக்கியே எழுத்து பிறக்கிறது.

வெண்ணிறப் பெட்டியில் வெள்ளி எழுத்துத் தெளிவாகத் தெரியாது. அங்குச் செதுக்கிய பள்ளத்தில் கரிய வண்ணத்தைத் தடவி, மேற்பரப்பைத் துடைத்துவிடுவர். எழுத்தாணியால் கீறிய ஓலையில் கரிமை தடவித் துடைத்த ஏடெழுதுவோரின் முறையும் இதுவே. ஓலை கிழியும் என அஞ்சி அவர்கள் மெய்யெழுத்தின் புள்ளியைத் தவிர்த்தனர். லேசர் கொண்டு எழுதுவோர்க்கும் அத்தகைய அச்சம் உண்டு. எழுத்து மிகச் சிறிதாயின், வட்டத்தின் உள்ளே எஞ்ச வேண்டிய பூச்சும் வெந்து உதிர்ந்துபோகும்.

திருத்த இயலா எழுத்து

ஆகவே பொறியை இயக்குமுன் செய்யும் பணியே பெரிது. ஒளியின் ஆற்றலையும் வேகத்தையும் கழிவுத் துண்டு ஒன்றில் சோதித்து அறிய வேண்டும். பெட்டி அசையாதிருக்க ஒட்டுப்பலகையில் அதன் அளவுக்குப் பொருந்தும் சட்டம் வெட்ட வேண்டும். செதுக்கியபின் துளையிட்டால் துரப்பணம் வழுக்கி எழுத்தைக் கீறும். துளையிட்டபின் செதுக்கினால் எழுத்து துளையோடு பொருந்தாமல் விலகும். தேர்ந்தோர் எழுத்தைச் செதுக்கும் அதே ஓட்டத்தில் துளைகளின் மையப் புள்ளிகளையும் செதுக்கிக்கொள்கின்றனர். பிறகு அப்புள்ளியில் கூர்முனையால் தட்டிப் பள்ளமாக்கித் துளையிடுகின்றனர்.

எச்சரிக்கைகளும் உள. கதிரின் அலைநீளத்திற்கு ஏற்ற கண்ணாடி அணிதல் வேண்டும். புகையை வெளியேற்ற வேண்டும். பொறி ஓடும்போது விட்டகலுதல் கூடாது. பி.வி.சி. கலந்த நெகிழித் தாளை லேசரில் வைத்தால் ஹைட்ரஜன் குளோரைடு என்னும் நச்சு வளி எழும். மறைப்புத் தேவைப்படின் காகித நாடாவையே கொள்வர்.

எழுதும் சொற்களோ மிகச் சில: ஒலியளவு, ஒலித்தன்மை, கரகரப்பின் அளவு, உள்வழி, வெளிவழி. இவற்றை இசைஞர் மங்கிய மேடையில், நின்ற உயரத்திலிருந்து படித்தறிய வேண்டும். குமிழைப் பொருத்தியபின் அதன் விளிம்பில் மறையும் எழுத்து எவ்வளவு அழகாயினும் பயனற்றது. மின்சாரம் செலுத்தும் துளையருகே 9 வோல்ட் என்பதும், மைய முனை எதிர்மின் முனை என்பதும் தெளிவாக இருத்தல் வேண்டும். பாதுகாப்பு இல்லாத சுற்றில் முனைகள் மாறினால் பாகங்கள் கருகக்கூடும். எங்கும் கொடியும் மலரும் செதுக்கிவிட்டு இவ்வொரு குறியை விட்ட பெட்டி, அணி மிகுந்து பொருள் இழந்த செய்யுளை ஒக்கும்.

முகம் என்னும் பாயிரம்

தமிழ் மரபில் நூலுக்குப் பாயிரம் இன்றியமையாதது. ஆக்கியோன் யார், நூலின் பெயர் யாது, எந்த நூலின் வழியில் வந்தது, பயன் யாது என்பவற்றை அது உரைக்கும். பெடலின் முகமும் அத்தகையதே. ஆர்வலர் செய்யும் பெடல்களிற் பல வழிநூல்கள். முன்னோர் சுற்றை எடுத்துக்கொண்டு, ஒரு மின்தேக்கியை மாற்றி, ஒரு குமிழைக் கூட்டித் தம் செவிக்கேற்ப அமைப்பவை. வழிநூல் செய்தல் இழுக்கன்று. முதல்நூலின் பெயரையே சூட்டிக்கொள்ளுதல் இழுக்கு.

இங்கேதான் லேசர் ஒரு சோதனையாகிறது. கையால் எழுதிய காலத்தில் போலி தானே தன்னைக் காட்டிக்கொடுத்தது. லேசரோ புகழ்பெற்ற நிறுவனத்தின் சின்னத்தை மயிரிழை பிசகாமல் செதுக்கித் தரும். உண்மையையும் பொய்யையும் அது ஒரே கூர்மையோடு எழுதும். காப்புரிமை பெறாத சுற்றை எவரும் செய்யலாம். பெயரையும் சின்னத்தையும் வணிகக்குறிச் சட்டம் காக்கிறது. சட்டம் எட்டிப்பாராத வீட்டு மேசையில் காவலாக இருப்பது செய்பவரின் மனச்சான்று மட்டுமே.

1994இல் அமெரிக்கரான பில் ஃபினகன் வெளியிட்ட 'கிலான் சென்டார்' இதற்கு நல்ல சான்று. மனித உடலும் குதிரை உடலும் இணைந்த கிரேக்கத் தொன்ம உருவை அதன் முகத்தில் பொறித்தார். சுற்றை எவரும் அறியாதிருக்கக் கரிய பிசினால் மூடினார். ஆர்வலர்கள் பிசினைப் பெயர்த்துச் சுற்றை வரைந்துவிட்டனர். எண்ணற்ற வழிப்பெட்டிகள் பிறந்தன. மூலப் பெட்டியின் விலை விண்ணளவு உயர்ந்தது. பின்னர் அவர் வெளியிட்ட மற்றொரு பெடலின் முகத்தில், பலரைப் புண்படுத்தும் அந்த மிகைப்புகழ் தாம் ஆக்கியதன்று என்பதை நினைவிற் கொள்ளுமாறு வேண்டும் ஒரு வாக்கியத்தைப் பொறித்தார். உள்ளே பூசிய பிசின் காக்காத ஒன்றை முகத்தில் எழுதிய சொல்லால் காக்க முயன்றார் எனலாம்.

நேர்மையுள்ள ஆர்வலர் முகத்தில் தாம் சூட்டிய பெயரைச் செதுக்குகின்றனர். அடித்தட்டின் உட்புறத்தில், எவரும் எளிதில் காணா இடத்தில், எந்தச் சுற்றின் வழி வந்தது என்பதையும் தம் பெயரையும் முடித்த நாளையும் குறிப்பாரும் உளர். ஏடு பெயர்த்தெழுதியோர் இறுதி ஓலையில் தம் பெயரும் நாளும் குறித்த வழக்கத்தை இது நினைவூட்டுகிறது. என்றோ பழுது நீக்கத் திறப்பவர் ஒருவரே அதனைப் படிப்பார். அந்த ஒரு வாசகருக்காகவும் உண்மை எழுதப்படுகிறது.

கவிஞர் பெருமக்களே! சொற்களும் யாப்பும் எவரும் தனியே படைத்தவை அல்ல. பெட்டிக்குள் இருக்கும் சுற்றைப் போல முன்னோரிடமிருந்து வந்தவை. அவற்றைக் கொண்டு செய்ததற்குத் தம் பெயரிட உரிமை உண்டு. வழியைச் சொல்லும் கடமையும் உண்டு. இரண்டையும் எழுத ஓர் உள்ளங்கை அகலமே போதும் என்பதை அச்சிறு பெட்டி காட்டுகிறது.