வலிக்குப் புது மருந்து: செய்தியை எடைபோடுவது எப்படி?



பால் வாளி சுமந்த தோளும் செம்பனைக் குலை தூக்கிய இடுப்பும் வலியை அறியாதவை அல்ல. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிப்பதை நாள்பட்ட வலி என்கிறார்கள் மருத்துவர்கள். அதனோடு போராடுபவருக்குப் ‘புது மருந்து கண்டுபிடிப்பு’ என்ற செய்தி காதில் தேனாகப் பாய்கிறது. அச்செய்தியை எடைபோடுவது எப்படி என்று இன்று பார்ப்போம்.

ஒரு மருந்து நம் கைக்கு வருமுன் பல படிகளைத் தாண்ட வேண்டும். முதலில் ஆய்வுக்கூடத்திலும், பிறகு எலி போன்ற பிராணிகளிடமும் சோதிக்கிறார்கள். அதன்பின் மனிதர் சிலருக்குக் கொடுத்து, தீங்கு உண்டா என்று கவனிக்கிறார்கள். கடைசியில்தான் நோயாளிகள் பலரிடம் பலனைப் பார்க்கிறார்கள். எலி தன் வலியை வாய்திறந்து சொல்லாது. காலை இழுத்துக்கொள்வது போன்ற செய்கைகளை வைத்துத்தான் கணிக்க வேண்டும். எலிக்குப் பலித்தது நமக்கும் பலிக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

ஓர் உண்மை நிகழ்ச்சியைக் கேளுங்கள். சுசெட்ரிஜின் என்பது வலிச் செய்தி நரம்பில் செல்வதைத் தடுக்கும் மருந்து. இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நாள்பட்ட நரம்பு வலிக்கு இது உதவுமா என்று ஏறத்தாழ 200 பேரிடம் 12 வாரம் சோதித்தார்கள். 2024 டிசம்பரில் முடிவு வெளிவந்தது. வலியை 0 முதல் 10 வரை அளந்ததில், மருந்து உண்டவர்களுக்குச் சராசரியாக 2.02 புள்ளி குறைந்திருந்தது. மகிழ்ச்சிதானே? ஆனால், இன்னொரு பகுதியினர் உண்டது மருந்தே சேராத வெறும் மாத்திரை. எதை உண்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்கும் 1.98 புள்ளி குறைந்தது!

அவர்கள் பொய் சொல்லவில்லை. வலி ஏறி இறங்கும் தன்மையுடையது. வலி மிகுந்திருக்கும்போதே பலர் சிகிச்சை தேடுகிறார்கள். பிறகு அது தானாகவும் தணியலாம். நம்பிக்கையும் நல்ல கவனிப்பும்கூட வலியைக் குறைக்கும். ஆகவே, ஒப்பிட்டுப் பார்க்காமல் மருந்தின் பலனை அறிய முடியாது.

இதே மருந்தை 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு ஏற்றுக்கொண்டது. ஆனால் அது அறுவைச் சிகிச்சைக்குப் பின் வருவது போன்ற குறுகிய கால வலிக்கு. ஒரு வலிக்கு உதவுவது இன்னொரு வலிக்கும் உதவும் என்று எண்ணிவிடக் கூடாது.

எனவே, புதுச் செய்தி வந்தால் நாம் நான்கு கேள்விகள் கேட்போம். சோதித்தது எலியிடமா, மனிதரிடமா? எத்தனை பேரிடம், எத்தனை நாள்? வெறும் மாத்திரையோடு ஒப்பிட்டார்களா? நம்முடைய வலியும் அவர்களுடைய வலியும் ஒன்றுதானா?

வெளுத்ததெல்லாம் பால் அல்ல. விளம்பரத்தை நம்பிக் குடும்பப் பணத்தைக் கொட்டவும் வேண்டாம். மருத்துவர் கொடுத்த மருந்தைத் தாமாக நிறுத்தவும் வேண்டாம். செய்தித்தாளைக் கையோடு கொண்டுபோய் கிளினிக்கில் கேளுங்கள். முதுகு வலியோடு கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

ஆராய்ச்சி தொடரட்டும், நாமும் விழிப்போடு காத்திருப்போம்.