தண்ணீருக்குள் கண் ஏன் மங்குகிறது?

(நம் நலச்சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சென்ற கோடையில் நம் நீச்சல் குளத்தில் நடந்ததைச் சொல்லித் தொடங்குகிறேன். என் பேரன் 4 அடி ஆழமுள்ள பக்கத்தில், மார்பளவு தண்ணீர்தான் என்று நினைத்துக் குதித்துவிட்டான். கால் தரையில் பட்டது, தலை மூழ்கிவிட்டது. அருகில் நின்ற ஒருவர் உடனே தூக்கிவிட்டார். மூச்சு வாங்கியபடி அவன் சொன்னது: "தாத்தா, ஏணி பக்கத்துலதான் இருந்துச்சு. ஆனா ஒண்ணுமே தெரியல, எல்லாம் புகை மாதிரி இருந்துச்சு."

தண்ணீர் சுத்தமாகத்தான் இருந்தது. அப்படியானால் ஏன் தெரியவில்லை?

ஒளி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குள் சாய்வாக நுழையும்போது வளைகிறது. இரண்டின் ஒளிவிலகல் எண்ணும் எவ்வளவு வேறுபடுகிறதோ, அவ்வளவு வளையும். காற்றுக்கு அந்த எண் 1. கண்ணின் முன்னால் இருக்கும் கருவிழிப் படலத்துக்கு ஏறத்தாழ 1.38. இந்த வேறுபாட்டால்தான் ஒளி நன்றாக வளைந்து விழித்திரையில் குவிகிறது. கண்ணின் குவிக்கும் திறனில் மூன்றில் இரண்டு பங்கு இந்த இடத்தில்தான் கிடைக்கிறது. தண்ணீருக்கோ எண் 1.33. கருவிழிக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஒளி வளையாமல் உள்ளே போகிறது, பிம்பம் கலங்குகிறது. படிக்கும் கண்ணாடிக்கு நமக்கு 2, 3 பவர் போதும். தண்ணீருக்குள் நாம் இழப்பது 40 பவருக்கும் மேல்!

நீச்சல் கண்ணாடி போட்டால் கண்ணுக்கு முன்னால் மறுபடி காற்று வந்துவிடுகிறது. பார்வையும் தெளிகிறது.

தாய்லாந்துக் கடலோரத்தில் வாழும் மோக்கன் இனக் குழந்தைகள் கண்ணாடி இல்லாமலே கடலடியில் சிப்பி பொறுக்குகிறார்கள். கண்மணியை நன்றாகச் சுருக்கி, கண்ணுக்குள் இருக்கும் லென்சை முழுவதும் குவித்துப் பார்க்கிறார்கள் என்று சுவீடன் நாட்டு ஆய்வாளர் அன்னா கிஸ்லேன் 2003இல் எழுதினார். பிறகு ஐரோப்பியக் குழந்தைகளும் பயிற்சியால் அதைக் கற்றுக்கொண்டார்கள். நம் பிள்ளைகளுக்கு அந்தப் பயிற்சி இல்லை.

இன்னொன்று, கரையில் நின்று பார்க்கும்போதும் தண்ணீர் நம்மை ஏமாற்றும். நேர் மேலிருந்து பார்த்தால் 4 அடி 3 அடியாகத் தெரியும்; 6 அடி நாலரை அடியாகத் தெரியும். சாய்வாகப் பார்த்தால் இன்னும் குறையும். என் பேரன் ஏமாந்தது இதில்தான்.

ஆகவே பெற்றோர்களே, கண் சொல்வதை நம்பாதீர்கள், குளச் சுவரில் எழுதியிருக்கும் ஆழத்தை நம்புங்கள். பிள்ளைகளுக்கு நீச்சல் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போட்டிருப்பவர்கள் கழற்றிவிட்டு இறங்குங்கள். தண்ணீரில் உள்ள கிருமி லென்சில் தங்கிக் கண்ணைக் கெடுக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்வரை பெரியவர் ஒருவர் கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டுக் கரையில் நில்லுங்கள்.

உள்ளே இருக்கும் பிள்ளைக்கு ஏணி தெரியாது. வெளியே இருக்கும் நமக்குப் பிள்ளை தெரிய வேண்டும்.