ஓடையைக் காக்க மலையேறினார்கள்



பட்டமளிப்பு விழாவில் உபதேசம் செய்வது சம்பிரதாயம். வனவியலும் பொறியியலும் கற்றுத் தேர்ந்த உங்களுக்கு அதைக் காட்டிலும் ஓர் ஓடையின் சரித்திரம் பயன்படும் என்று கருதி, கலிபோர்னியாவின் வடபகுதியில் பசிபிக் சமுத்திரத்தில் சங்கமிக்கும் ரெட்வுட் ஓடையைப் பற்றிச் சொல்ல முற்படுகிறேன்.

முந்நூறு அடிக்கும் மேலாக வளரும் ரெட்வுட் விருட்சங்களைக் காக்கவென்று 1968இல் அங்கே தேசியப் பூங்கா ஏற்பட்டது. ஆயினும் பூங்காவின் எல்லைக்கு மேலேயிருந்த சரிவுகளில் மரம் வெட்டுவது நிற்கவில்லை. வெட்டிய மரங்களை இறக்குவதற்காக மலைச்சரிவை வெட்டிப் போட்ட மண்பாதைகளின் அடியில் பதித்திருந்த நீர்க்குழாய்கள், பெருமழையில் சருகும் கல்லும் அடைத்துக்கொண்டபோது, சிற்றோடைகள் தம் வழியை விட்டுப் பாதையின்மீது ஏறி, வேறொரு சரிவில் இறங்கி, மலையையே அரித்துக்கொண்டு போயின. அப்படி அரிபட்டு வந்த சரளை கீழே ஓடையின் படுகையை உயர்த்தி, காத்தாயிற்று என்று எண்ணிய மரங்களின் வேருக்கே அபாயம் விளைவித்தது. மீன்களின் கதியோ இன்னும் பரிதாபம். சால்மன் மீன் கூழாங்கற்படுகையில் குழி பறித்து முட்டையிடும். கல்லிடுக்குகளில் நீர் ஓடினால்தான் முட்டைக்குப் பிராணவாயு கிட்டும். நுண்ணிய வண்டல் அவ்விடுக்குகளை மூடிவிட்டால் கரு உள்ளேயே மடிந்துபோகும்.

1978இல் 48,000 ஏக்கர் நிலத்தைப் பூங்காவோடு சேர்த்த அமெரிக்கக் காங்கிரஸ், சீரழிந்த சரிவுகளைச் செப்பனிடவும் வழிவகுத்தது. ஆரம்பத்தில் பூங்காவினர் சிறு தடுப்பணைகளும் மிலாறு வேலிகளுமாக மனிதக் கரங்களால் செய்து பார்த்தார்கள்; செலவுக்கேற்ற பலன் கிட்டவில்லை. பிறகே, பாதை போட்ட புல்டோசரைக் கொண்டே பாதையை அகற்றத் துணிந்தார்கள். பாதைக்காக ஓடையின்மீது கொட்டிய மண்ணைத் தோண்டிக்கொண்டே போய், புதையுண்ட அடிக்கட்டையும் பழைய மேல்மண்ணும் தென்படும் இடத்தில் நிறுத்தினால், அதுவே ஓடையின் பூர்வீகப் படுகை. புதிய சாலையென்றால் அமைச்சர் வந்து நாடா வெட்டுவார். அகற்றிய சாலைக்கு ஏது திறப்புவிழா?

1997ஆம் ஆண்டுப் பெருமழைக்குப் பின் அளந்து பார்த்ததில், செப்பனிட்ட பாதைகளிலிருந்து வந்த மண், அப்படியே விடப்பட்டவற்றிலிருந்து வந்ததில் சராசரியாக நான்கில் ஒரு பங்கே. அரிப்பு அடியோடு நின்றுவிடவில்லை என்பதும் உண்மை. ஆயினும் இம்மார்க்கம் சரியானதென்றே நான் தீர்மானிக்கிறேன்.

அந்தப் பசிபிக் கரையோரத்தில் இன்னொரு தவறும் நடந்தது: விழுந்த மரங்கள் மீனுக்குத் தடையென்று எண்ணி, நெடுங்காலம் ஓடைகளிலிருந்து அவற்றை அப்புறப்படுத்தி வந்தார்கள். மீன்குஞ்சுகள் ஒதுங்கும் மடுக்களை உண்டாக்குவதே அம்மரங்கள்தாம் என்று அறிந்தபின், இப்போது மரங்களைக் கொணர்ந்து நீரில் கிடத்துகிறார்கள். அப்புறப்படுத்தியவர்களும் படித்தவர்களே என்பதை நீங்கள் மறக்கலாகாது.

ஆகவே, நாளை மலைச்சாலைக்கோ ஓடைக்கரைக்கோ மதிப்பீடு ஒன்று உங்கள் மேசைக்கு வருமாயின், அடைமழை பெய்யும் ஒரு நாளில் அச்சரிவில் நடந்து, நீர் எவ்வழி போகிறதென்று கண்ணாரக் கண்ட பிறகே அதில் கையொப்பமிடுங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.